கொப்புளமெல்லாம் அக்கி இல்லை!

எங்கள் ராயபுரம் பக்கம் ஒருவருக்கு உடம்பில் கொப்புளம் கண்டால் போதும், அக்கம்பக்கத்தில் மூன்று தீர்ப்புகள் தயாராக இருக்கும். "சூட்டுக் கொப்புளம், இளநீர் குடிங்க." "அக்கிதான், காவி குழைச்சு எழுதினா போயிடும்." "அம்மா வந்திருக்கா, வேப்பிலையைக் கட்டுங்க, மருந்து கூடாது."

அக்கியும் சின்னம்மையும் வைரஸால் வருபவை. பலருக்குச் சில வாரங்களில் தாமாகவே அடங்கிவிடும். ஆனால், தானாக அடங்காத கொப்புள நோய் ஒன்று உண்டு. அதன் பெயர் 'பெம்ஃபிகஸ் வல்காரிஸ்'. அபூர்வமான நோய்தான். ஆனால் 1950-களில் ஸ்டீராய்டு மருந்து பயனுக்கு வரும் முன், இது வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. அதனால்தான் இதை அக்கி என்று நினைத்து நாள் கடத்தக் கூடாது.

உடம்பே உடம்பைத் தாக்கினால்?

நம் தோலின் செல்கள் செங்கல் மாதிரி அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை ஒட்டிவைக்கும் சிமெண்டு, 'டெஸ்மோக்ளீன்' என்ற புரதம். கிருமியை விரட்ட வேண்டிய நம் எதிர்ப்பு சக்தியே, இந்தச் சிமெண்டை எதிரி என்று நினைத்துத் தாக்கினால், செங்கற்கள் பிரிந்துவிடும். இடையில் நீர் கோத்துக் கொப்புளமாகிறது. இது தொற்று நோயல்ல. தட்டு, டம்ளரைத் தனியாக வைக்க வேண்டாம்.

வைரஸுக்கு என்ன பங்கு?

உதட்டோரம் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸின் தடயம், இந்நோயாளிகள் சிலரின் புண்களில் கிடைத்திருக்கிறது. அதுதான் நோய்க்குக் காரணம் என்று நிரூபணமாகவில்லை. ஆனால், அடங்கியிருந்த நோயை அது கிளறிவிடலாம். சிகிச்சையால் எதிர்ப்பு சக்தி குறைந்திருக்கும்போது புண்ணில் புகுந்தும் கொள்ளலாம். மருந்து சாப்பிட்டும் புண் ஆறவில்லை, திடீரென வலி கூடுகிறது என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். வைரஸ்தான் என்று தெரிந்தால் 'அசைக்ளோவிர்' போன்ற மருந்து தருவார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

பலருக்கு முதலில் வருவது வாய்ப்புண்தான். "பி காம்ப்ளெக்ஸ் போட்டுப் பார்த்தேன், மணத்தக்காளிக் கீரை சாப்பிட்டுப் பார்த்தேன், மூணு மாசமா ஆறலை" என்பார்கள். பிறகு மார்பிலும் முதுகிலும் தலையிலும் தொளதொளவென்று கொப்புளம். லேசாகப் பட்டாலே உடைந்து தோல் உரியும். அக்கி பெரும்பாலும் உடம்பின் ஒரு பக்கத்தில் பட்டையாக வரும். இது அப்படியல்ல.

மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண்ணோ, உடைந்து ஆறாத கொப்புளமோ இருந்தால் தோல் நோய் நிபுணரிடம் போங்கள். வடசென்னைவாசிகளுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. சிறு துண்டு தோலை எடுத்துப் பரிசோதித்தால் விஷயம் தெரிந்துவிடும். டெல்லி எய்ம்ஸில் டாக்டர் பஸ்ரிச்சா 1980-களில் உருவாக்கிய, மாதத்துக்கு மூன்று நாள் குளுக்கோஸில் மருந்து ஏற்றும் 'பல்ஸ்' முறை நம் நாட்டில் பலரைக் காப்பாற்றியது. இப்போது 'ரிடுக்ஸிமாப்' ஊசியும் உண்டு.

சித்த மருத்துவர் சொல்வது

"எதிர்ப்பு சக்தி கூடுற மாதிரி ஒரு லேகியம் கொடுங்க டாக்டர்" என்று என்னிடமே கேட்பவர்கள் உண்டு. இந்த நோயில் எதிர்ப்பு சக்தி குறையவில்லை அம்மா, தடம் மாறியிருக்கிறது. அதைக் கூட்டுவது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவதாகிவிடும். நான் லேகியம் தருவதில்லை, நிபுணரிடம் அனுப்பிவைக்கிறேன்.

நீங்கள் வீட்டில் செய்யக்கூடியவை:

* காரம், புளி, முறுக்கு, சிப்ஸ் வேண்டாம். ஆறிய கஞ்சி, மோர், குழைந்த பருப்பு சாதம், இட்லி நல்லது.

* பூண்டு சிலருக்கு நோயைத் தூண்டியதாகப் பதிவுகள் உண்டு. சாப்பிட்டபின் புண் கூடினால் நிறுத்திவிடுங்கள்.

* துணி ஒட்டி வலித்தால், சுத்தமாகக் கழுவிய வாழையிலையில் படுக்கவைக்கலாம்.

* புண்ணில் காவி, பச்சிலை, மஞ்சள் எதையும் அப்பாதீர்கள். சீழ் பிடிக்கும்.

* ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். நோய் திரும்பும், உயிருக்கே ஆபத்தாகலாம். "சித்தாவுக்கு மாறப்போறேன், நிறுத்திட்டேன்" என்று யாரும் என்னிடம் வர வேண்டாம்.

வேப்பிலை வாசலில் இருக்கட்டும், தவறில்லை. நோயாளி மட்டும் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடக் கூடாது.