இளமையில் வந்த புகழ்: றக்பி வீரர் யோனா லோமுவின் தொடக்க காலம்

விளையாட்டு வேறு, கல்வி வேறு என்று கருதுவார் நம்மிடையே பலர். எனினும், ஓர் இளைஞனின் ஆற்றல் எவ்வாறு வெளிப்படுகின்றது, முதல் தோல்வியின் பின் அஃது என்னாகின்றது, பொருளும் புகழும் ஒருங்கே வந்தெய்துங்கால் அவன் நிலை யாது என்னும் வினாக்கள் வகுப்பறைக்கும் ஆடுகளத்துக்கும் பொதுவானவை. அவ்வினாக்களை ஆராய்வதற்கு நியூசீலந்து வீரர் யோனா லோமுவின் இளமைக்காலம் ஏற்றதொரு வரலாறாகும்.

றக்பி ஆட்டத்தை அறியாதார் பொருட்டுச் சில கூறுவாம். பக்கத்துக்குப் பதினைவர் ஆடுவர். முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஓடலாம்; காலால் உதைக்கலாம்; ஆயின், கையால் முன்னோக்கி எறிதல் குற்றம். எதிர்ப்பக்கத்து எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றுதல் ‘ட்ரை’ எனப்படும். முன்னணியில் நின்று நெருக்கிப் பொருதுவோர் எண்மர். பின்னணியில் நின்று ஓடுவோர் எழுவர். முன்னவர்க்கு உடற்பருமனும் பின்னவர்க்கு விரைவும் வேண்டும் என்பது நெடுநாள் வழக்கு. இவ்விரண்டும் ஒருவரிடத்தே பொருந்தக் கண்டபோதுதான் உலகம் வியந்தது.

லோமு 1975ஆம் ஆண்டு மே மாதம் 12ஆந் திகதி ஒக்லண்ட் நகரிற் பிறந்தார். பெற்றோர் தொங்காத் தீவினர். மழலைப் பருவத்திற் சில காலம் தொங்காவில் உறவினரிடம் வளர்ந்து, பின்னர் ஒக்லண்டின் தென்பகுதியிலுள்ள மாங்கெரேயில் வாழ்ந்தார். வறுமையும் இளைஞர் கூட்டங்களின் வன்முறையும் மலிந்த சூழல் அது. அதனின்று அவரை விலக்கக் கருதிய வீட்டார், 1844இல் நிறுவப்பெற்ற மெதடிஸ்தப் பள்ளியாகிய வெஸ்லிக் கல்லூரியின் விடுதியிற் சேர்த்தனர். தெருச் சண்டையிற் சிதறிப் போகவிருந்த வலிமைக்கு அங்கே ஓர் ஒழுங்கு வாய்த்தது. ஓட்டப் போட்டிகளிலும் அவர் சிறந்து விளங்கினார். றக்பியில் முன்னணி வீரராகவே அங்கு ஆடினார்.

1994இல் ஹொங்கொங் நகரில் நடைபெற்ற எழுவர் றக்பிப் போட்டியில் அவர் பலர் கண்ணிலும் பட்டார். அவ்வாண்டு யூன் 26ஆந் திகதி, கிறைஸ்ட்சேர்ச் நகரிற் பிரான்சுக்கு எதிராக நியூசீலந்துத் தேசிய அணியிற் களமிறங்கியபோது அவருக்கு வயது 19 ஆண்டும் 45 நாளுமே. அத்துணை இளவயதில் அந்நாட்டின் சார்பாக முழுநிலைப் போட்டி ஆடியோர் அதற்குமுன் எவருமிலர். 1905ஆம் ஆண்டிலிருந்து நிலைத்திருந்த சாதனை அன்று மறைந்தது.

ஆனால், அவர் நிறுத்தப்பட்ட இடம் பழகிய இடமன்று. இடப்புற ஓரத்தில் நின்று ஓடும் ‘விங்’ என்னும் இடம். எதிரி உதைக்கும் பந்து எங்கு விழும், எப்பொழுது முன்செல்வது, எப்பொழுது பின்னிற்பது என்பனவெல்லாம் பழக்கத்தால் வருவன. பிரெஞ்சு வீரர் அக்குறையைக் கண்டுகொண்டனர். நியூசீலந்து 8-22 எனத் தோற்றது. அடுத்த போட்டியில் 20-23 எனத் தோற்றது. லோமு அணியினின்று நீக்கப்பட்டார். இவரது கதை இவ்வளவே என்று அன்று எண்ணியோர் இருந்திருப்பின் அவரைக் குறை கூறல் இயலாது.

ஓராண்டு கழியுமுன் தென்னாபிரிக்காவில் உலகக் கிண்ணப் போட்டி வந்தது. அயர்லாந்துக்கு எதிராக இரண்டு, ஸ்கொட்லாந்துக்கு எதிராக ஒன்று என ட்ரைகள் பெற்ற லோமு, 1995 யூன் 18ஆந் திகதி கேப்ரவுண் நகரில் இங்கிலாந்தை எதிர்த்து நான்கு பெற்றார். ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களுக்குள், எதிர்நின்று தடுக்க முனைந்த மைக் கட் என்பாரை மிதித்துக் கடந்து சென்ற காட்சி இன்றும் பேசப்படுவது. நியூசீலந்து 45-29 என வென்றது. இறுதிப் போட்டியிலோ தென்னாபிரிக்கர் அவரைக் கூடி மறித்தனர். மேலதிக நேரத்தில் 15-12 எனக் கிண்ணத்தையும் கொண்டனர். தம் வாழ்நாளில் அந்நாட்டுக்கு எதிராக ஒரு ட்ரையேனும் லோமு பெற்றாரல்லர்.

அக்காலம்வரை இவ்வாட்டத்தில் வீரர் ஊதியம் பெறுதல் விதிக்கு முரண். இழந்த நாட்கூலிக்கு ஈடு வேண்டுமென்று வட இங்கிலாந்துக் கழகங்கள் கேட்டு, அது மறுக்கப்பட்டமையால் 1895இல் பிரிந்து சென்ற வரலாறு உண்டு. வயிற்றுக் கவலை இல்லாதார்க்கு அவ்விதி பெருமை. சுரங்கத்திலும் ஆலையிலும் உழைப்பார்க்கு அது சுமை. சரியாக ஒரு நூற்றாண்டு கழித்து, உலகக் கிண்ண இறுதிப் போட்டிக்கு முதல்நாள், தென்னரைக்கோளத்து மூன்று நாடுகளின் ஒளிபரப்பு உரிமைக்குப் பத்தாண்டுகளுக்கு 55 கோடி அமெரிக்க டொலர் என்னும் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகத்து 26ஆந் திகதி சர்வதேச றக்பிச் சபை ஊதியத் தடையை நீக்கியது. இருபது வயது லோமு புதிய தொழிலின் முதல் முகமானார்.

அதே ஆண்டின் இறுதியில் அவருக்குச் சிறுநீரக நோய் கண்டறியப்பட்டது. குருதியின் புரதம் சிறுநீரோடு கழிந்து, உடல் வீங்கிச் சோரும் நோய் அது. 6 அடி 5 அங்குல உயரமும் 118 கிலோவுக்குக் குறையாத எடையும் உடைய அவ்வுருவத்தினுள்ளே இத்தகைய நலிவு இருந்ததை அரங்கிலிருந்து ஆர்ப்பரித்தோர் அறிந்திலர். 1997இன் பெரும்பகுதியைச் சிகிச்சையிற் கழித்தார். மீண்டு வந்து 1998இற் கோலாலம்பூரில் பொதுநலவாய விளையாட்டுகளில் தங்கம் வென்ற எழுவர் அணியில் இடம்பெற்றார். 1999 உலகக் கிண்ணத்தில் எட்டு ட்ரைகள் பெற்றார். 2004இல் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. 2015 நவம்பர் 18ஆந் திகதி, நாற்பதாவது வயதில் மறைந்தார்.

ஆசிரியத் தொழில் புரிவோர் இவ்வரலாற்றில் இரண்டைக் கருதுதல் நன்று. பழகாத துறையில் நிறுத்தப்பட்ட மாணவன் முதல் இரு சோதனைகளிற் பெற்ற புள்ளிகள் அவனுடைய அளவல்ல. இடமும் காலமும் கொடுத்தபின்பே அவனை அளத்தல் தகும். மற்றொன்று, உடலையே முதலாக இட்டுத் தொழில் செய்வானுக்கு அம்முதல் எப்பொழுது குறையும் என்பது தெரியாது. அவனுக்கு ஊதியம் கொடுப்பது நீதி. அவனுடைய நலத்தையும் ஆட்டம் ஓய்ந்த பிற்காலத்தையும் பேணுதலும் அந்நீதியின் பகுதியே. நம் பள்ளிகளில் ஓடியும் தாவியும் பரிசு பெறும் பிள்ளைகளை மாலையிட்டு மகிழ்வோர் இதனையும் நினைவிற் கொள்வாராக.