பழகிய இடத்தில் பிறந்த அச்சம்

விஞ்ஞானக் கதை என்றவுடன் வேற்றுக் கிரகங்களும் விண்கப்பல்களும் நம் நினைவில் எழுகின்றன. அமெரிக்க நாவலாசிரியர் ரிச்சர்ட் மாத்திசன் அவற்றை அதிகம் நாடியவர் அல்லர். வீட்டிலும் வீதியிலுமே அச்சத்தைக் கண்டெடுத்தவர் அவர்.

1926-இல் நியூஜெர்சியில் பிறந்தார். பெற்றோர் நார்வேயிலிருந்து குடியேறியவர்கள் என்பது, பிறந்த ஊரைவிட்டு வந்து வாழும் நமக்குச் சற்று நெருக்கமான செய்தி. போரில் காலாட்படையில் பணிபுரிந்து, பின்னர் பத்திரிகைத் துறையில் பட்டம் பெற்றார்.

ஒரு திரைப்படத்தில் ஒருவர் பிறருடைய தொப்பியை மாற்றி அணிய, அது காதுவரை இறங்கிவிடுகிறது. சிரிப்பதற்குரிய காட்சிதான். மாத்திசனோ, ‘சொந்தத் தொப்பியே இப்படி இறங்கினால்?’ என்று எண்ணினார். வாடகை வீட்டின் நிலவறையில் அமர்ந்து எழுதினார். நாளுக்கு நாள் உடல் சிறுத்து, நிலவறையில் சிலந்தியோடு போராடும் குடும்பத் தலைவனின் கதை 1956-இல் வெளிவந்தது. உடல் சிறுப்பதைக் காட்டிலும், மனைவி மகள் முன்னிலையில் மதிப்புச் சிறுப்பதே அவனை வாட்டுகிறது. இக்கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது எம் கருத்து.

படநிறுவனம் உரிமை கேட்டபோது, திரைக்கதையைத் தாமே எழுதவேண்டும் என்று நிபந்தனை விதித்தார். 1957-இல் வந்த அப்படம் அவருக்குத் திரையுலகின் கதவைத் திறந்தது. பின்னர் ‘ட்விலைட் ஸோன்’ தொலைக்காட்சித் தொடருக்குப் பல கதைகள் எழுதினார். விமானத்தின் இறக்கையில் ஒரு விபரீத உருவத்தைக் கண்டு ஒருவன் பதறுகிறான். அண்மையில் மனநோய்க்குச் சிகிச்சை பெற்றவனாதலின் எவரும் நம்பவில்லை. 1963-இல் ஒளிபரப்பான இப்பகுதி இன்றும் பேசப்படுகிறது.

அதே ஆண்டு, அதிபர் கென்னடி கொலையுண்ட நாளில், நண்பருடன் காரில் திரும்பியபோது ஒரு லாரி அவர்களை விடாது துரத்தியது. அதைத் தொடர்களுக்கேற்ற கதையாகச் சொல்லிப் பார்த்தார், ஏற்பாரில்லை. சிறுகதையாக்கினார். 1971-இல் அது ‘டூயல்’ என்னும் தொலைக்காட்சிப் படமாயிற்று. திரைக்கதை அவருடையதே, இயக்கியவர் 24 வயது ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்.

ஆனால் 1954-இல் எழுதிய ‘ஐ ஆம் லெஜண்ட்’ நாவலுக்கு அந்த நல்வாய்ப்பு இல்லை. நோய்க்கிருமியால் மாந்தர் யாவரும் இரத்தம் குடிக்கும் பிசாசுகளாக, ஒருவன் மட்டும் எஞ்சுகிறான். இறுதியில், புதிய சமுதாயத்தின் கண்ணுக்குத் தானே பயங்கரப் பிராணி என்று உணர்கிறான். 1964-இல் படமானபோது, தம் திரைக்கதை மாற்றப்பட்டது கண்டு மனம் கசந்து, சொந்தப் பெயரை நீக்கிப் புனைபெயர் இட்டார். 1971-இலும் 2007-இலும் மீண்டும் படங்கள் வந்தன. நாவலின் முடிவை எதுவும் அப்படியே காட்டவில்லை. 2013-இல் அவர் காலமானார். அம்முடிவை அறிய விரும்பும் அன்பர்கள் இன்றும் நூலைத்தான் நாடவேண்டும்.