பழைய கடியாரமும் புதுப் பூச்சும்

சாந்தோமில் ஒரு வீட்டுத் தகரப் பெட்டியின் அடியிலிருந்து வெளிப்பட்ட ஹெச். எம். டி. ஜனதாக் கைக்கடியாரம் ஒன்று நமது பார்வைக்கு வந்தது. முட்கள் நின்றிருந்தன, வெள்ளை முகப்பு பழுத்துவிட்டது. கடற்காற்று அந்தப் பேட்டையில் இரும்பைச் சும்மா விடுவதில்லையன்றோ! அதைப் பழுது பார்க்க இசைந்த தொழிலாளி, "முகப்புக்கும் புதுப் பூச்சுக் கொடுத்துவிடட்டுமா?" என்று வினவினார். கூடாதென்பதே நமது அபிப்பிராயம்.

ஜனதா அற்பச் சரக்கன்று. ஸ்விஸ் கடியாரத்தைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துப் பெருமூச்செறிந்த குமாஸ்தாவுக்கும் உபாத்தியாயருக்கும், நமது தொழிலாளர் செய்த கடியாரத்தைக் கையில் கட்டும் பாக்கியத்தை அளித்தது அது. ஜப்பானின் ஸிடிஸன் கம்பெனியாரின் உதவியுடன் 1961-ல் பெங்களூரில் தொடங்கிய சர்க்கார் தொழிற்சாலையின் முதற் கடியாரங்களைப் பண்டித நேரு வெளியிட்டார். 2016 ஜனவரியில் ஹெச். எம். டி. வாட்சஸ் கம்பெனியை மூடிவிட மத்திய மந்திரி சபை சம்மதித்தது. ஆகவே, அக்காலத்து ஜனதா ஒன்று கெட்டால் ஒன்று குறைந்தது என்றே கொள்ள வேண்டும்.

யந்திரத்தைப் பழுது பார்ப்பதில் நமக்கு ஆட்சேபமில்லை. தினம் சாவி கொடுக்கும் இக்கடியாரம் 17 கற்களின்மேல் சுழன்று, மணிக்கு 18,000 முறை துடிப்பது. வருஷக்கணக்கில் கிடந்தால் எண்ணெய் காய்ந்து பிசினாகிவிடும். பிரித்துக் கழுவி, துளி எண்ணெய் விட்டு, களைத்த வில்லையும் துருவேறிய சாவித் தண்டையும் மாற்றினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். கீறிய கண்ணாடியையும் மாற்றலாம்.

முகப்பின் சங்கதி வேறு. மங்கிய பத்திரத்தின்மீது புது மையால் எழுதிக் கொண்டுவந்தால் எந்தக் கோர்ட்டு அதை ஒப்புக்கொள்ளும்? தொழிற்சாலை கனவிலும் காணாத நிறங்களைப் பூசி, பல கடியாரங்களின் அங்கங்களை ஒன்றாகக் கோத்து, புராதனச் சரக்கென்று பிற தேசங்களுக்கு விற்கும் வியாபாரமொன்று நடந்து வருகிறது. அயல்நாட்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றுக்குப் பம்பாயின் பெயரையே இட்டு எள்ளுகிறார்கள். நல்ல ஸ்வதேசிச் சரக்குக்கு நாமே தேடிக்கொண்ட அவமானம் இது! பூசும் ஏழைத் தொழிலாளியை நாம் நோகோம். பூசியதை மறைத்து விற்பவனே குற்றவாளி.

வாங்க விரும்பும் நேயர்கள் முகப்பிலுள்ள எழுத்துக்களைப் பூதக்கண்ணாடியால் பார்க்கட்டும். தடித்தும் கோணியும் இருந்தால் சந்தேகிக்க வேண்டும். பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மறுக்கும் வியாபாரியிடம் பேரம் பேசவேண்டாம்.