வில்லுக்கத்தியும் உப்புக் காற்றும்

கற்பிட்டி, உடப்பு, சிலாபம் எனப் புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் தொழில் செய்வோர்க்கு மீனைப் போலவே உப்பும் நெருங்கிய உறவு. களப்போரத்து உப்பளங்களிலே அது செல்வம். மீனவன் மடியிலுள்ள வில்லுக்கத்திக்கோ அதுவே பகை.

வலைக்கயிறு காலைச் சுற்றிக்கொண்டு கடலுக்குள் இழுக்கும் வேளையிலே, ஒரு கை தோணியைப் பற்றியிருக்கும். மறு கையாலேயே கத்தியை எடுத்து விரித்துக் கயிற்றை அறுக்க வேண்டும். அப்போது கத்தி இரு வகையில் கைவிடக்கூடும்: துருவேறி விரியாமலிருக்கலாம், அல்லது அறுக்கும்போதே மடிந்து விரல்களைத் துண்டிக்கலாம். மடக்குக் கத்தி செய்வோனின் திறமை முழுவதும் இவ்விரண்டையும் தடுப்பதிலேயே அடங்கியுள்ளது.

நம் பாட்டன்மார் வைத்திருந்த வில்லுக்கத்தியிலே பூட்டு என்று ஒன்று இல்லை. பிடியின் முதுகிலுள்ள உருக்கு வில் அலகின் வாற்பகுதியை அழுத்திக்கொண்டிருக்கும், அவ்வளவே. பென்சில் சீவ அது போதும். நனைந்த கயிற்றுக்குப் போதாது.

அமெரிக்கக் கத்திக் கலைஞரான மைக்கேல் வாக்கர் 1980-களின் தொடக்கத்தில் செம்மைப்படுத்திய தகட்டுப் பூட்டு இக்குறையைப் போக்கிற்று. பிடியின் உட்புறத் தகட்டை நீளவாக்கில் கீறி, ஒரு நாக்குப் போலாக்கி, உள்நோக்கிச் சற்றே வளைத்து விடுவர். அலகு முழுவதும் விரிந்தவுடன் அந்நாக்குத் துள்ளி அதன் வாலுக்குப் பின்னே போய் நிற்கும். கட்டைவிரலால் நாக்கை ஒதுக்கினாலன்றி அலகு மடியாது.

கேட்பதற்கு எளிது. நுட்பமெல்லாம் நாக்கைத் தொடும் வால்முகத்தின் சரிவிலே இருக்கிறது. ஏறக்குறைய 7 அல்லது 8 பாகைச் சரிவு வேண்டும். சரிவு மிகுந்தால் அழுத்தத்தில் நாக்கு வழுக்கி விலகும்; குறைந்தால் கதவின் கீழே செருகிய ஆப்பைப் போல் இறுகி, விரலுக்கு அசைய மறுக்கும். சரியாக அமைந்துவிட்டால், நாளடைவில் முகம் தேயத்தேய நாக்கு மயிரிழை மயிரிழையாக முன்னேறித் தேய்மானத்தைத் தானே ஈடுசெய்யும். இச்சரிவை ஒரே மூச்சில் அராவ முயல்வது வீண். முகத்தில் மையைத் தடவி, விரித்து மூடிப் பார்த்து, மை அழிந்த இடத்தை மட்டும் சாணைக்கல்லால் மெல்லத் தேய்க்க வேண்டும். அலகைப் பதமாக்குகையில் உருக்குச் சிறிது நெளியுமாதலால், இவ்விறுதி வேலையைப் பதமாக்கிய பின்னரே செய்வர்.

இதமாக விரிவதற்குக் காரணம் எண்ணெய் என்றே பலர் கருதுவர். அச்சாணியின் இருபுறமும் இடப்படும் வெண்கல வளையங்கள் தட்டையாக இல்லாவிடில் எந்த எண்ணெயும் உதவாது! மூடிய கத்தி மடியிலே தானாக விரியாதபடி, நாக்கின் நுனியில் பதித்த கடுகளவு உருக்குக் குண்டொன்று அலகிலுள்ள சிறு குழியில் அமர்ந்து காக்கும்.

இனி உப்பைப் பார்ப்போம். சாதாரணக் கரி உருக்கைக் கொல்லன் 800 பாகை செல்சியஸ் அளவில் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மீண்டும் 200 பாகையளவில் இளஞ்சூடேற்றிப் பதமாக்கலாம். வைக்கோல் நிறம் படர்வதைக் கண்டே கை நிறுத்துவான். ஆனால் கடற்கரையில் அது விரைவில் துருவேறும். 1913-இல் ஷெபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி உருவாக்கிய குரோமியம் கலந்த துருவேறா உருக்கு அதனினும் நன்று. எனினும் அதைப் பதமாக்க 1000 பாகைக்கு மேற்பட்ட, அளந்து கட்டுப்படுத்திய வெப்பம் வேண்டும். ஊர்ப்பட்டறையில் கண்மதிப்பால் அது கைகூடாது. உப்பு நெடுநேரம் தங்கினால் அவ்வுருக்கிலும் புள்ளிபுள்ளியாக அரிப்பு விழும்.

பிரான்சின் சவாய் மலைநாட்டில் 1890-இல் பிறந்த ஒப்பினல் கத்திக்கு 1955-இல் சுழல்வளையப் பூட்டொன்று அமைத்தனர். மிக எளிய, உறுதியான பூட்டு அது. ஆயினும் அதன் மரப்பிடி ஈரத்தில் ஊதி அலகைக் கவ்விக்கொள்ளும். ஆகவே நம் கரைக்கு முதுகுப்புறம் திறந்த பிடியும் துருவேறாத் தகடும் உடைய கத்தியே ஏற்றது என்போம். உட்புறத்தை நீரூற்றிக் கழுவலாமன்றோ?

கரை சேர்ந்ததும் நன்னீரில் கழுவி, விரித்தபடியே உலர்த்தி, அச்சாணியில் ஒரு துளி தேங்காயெண்ணெய் விட்டாற் போதும். அது எளிதிற் காய்ந்து பிசினாவதில்லை. அலகை விரிக்கையில் நறநறவென்று ஒலித்தால் உள்ளே மணல் புகுந்திருக்கிறது. அப்போது மேலும் எண்ணெய் விடாது, முதலில் மணலைக் கழுவி வெளியேற்ற வேண்டும்.