ஒரே ஆண்டு, ஒரே திராட்சை, வேறு வேறு ருசி

பிரான்ஸின் பர்கண்டியில் உயர்தரச் சிவப்பு ஒயின் என்றாலே பினோ நுவார் திராட்சைதான். வேறு ரகத்தைக் கலக்கும் வழக்கம் இல்லை. ஒரே ஆண்டின் அறுவடையிலிருந்து வந்த புட்டிகளை மட்டும் வரிசையாக வைத்துச் சுவைத்தால், பழமும் வானிலையும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. மிச்சமிருப்பவை மண்ணும் கைப்பக்குவமும். ஆய்வுக்கூடத்துக்கு வெளியே இவ்வளவு ஒழுங்கான சோதனை அமைவது அபூர்வம்.

2010ஐ எடுத்துக்கொள்வோம். பூக்கும் பருவத்தில் குளிரடித்ததால் சரியாகக் காய் பிடிக்கவில்லை. கொத்துகளில் பல பழங்கள் சிறுத்தே நின்றன. விளைச்சல் அடிவாங்கியது, தரம் உயர்ந்தது. நிறமும் துவர்ப்பும் இருப்பது தோலில். பழம் சிறுத்தால் சாற்றோடு ஒப்பிட, தோலின் பங்கு கூடும்.

அதே ஆண்டில் ஜெவ்ரே-ஷாம்பெர்தான் ஊர் ஒயினுக்கு முறுக்கான உடம்பு என்றும், சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஷாம்போல்-முஸிஞிக்கு மென்மையும் நறுமணமும் என்றும் பெயர். ஷாம்போலில் சுண்ணாம்பு அதிகம், களிமண் குறைவு. பாறையின் ருசி வேர் வழியாக ஏறிவருவதாகச் சொல்வது விற்பனைப் பேச்சு. மண் எவ்வளவு நீரைப் பிடித்துவைக்கிறது, எவ்வளவு வடியவிடுகிறது என்பதைப் பார்ப்பதே பொருத்தம்.

ஆனால் க்ளோ து வூஜோ என்ற பர்கண்டித் திராட்சைத் தோட்டம் இந்தக் கணக்கைக் குழப்பிவிடும். ஒரே மதிலுக்குள் சுமார் 50 ஹெக்டேர்; ஏறத்தாழ 80 உரிமையாளர்கள். மேட்டில் நீர் வடியும் மெல்லிய மண், சாலையோரம் கனத்த களிமண். ஒருவர் காம்போடு நொதிக்கவிடுவார், இன்னொருவர் காம்பை நீக்கிவிடுவார். லேபிளில் எல்லாமே க்ளோ து வூஜோதான்!

அளவுகோலான நாக்கையும் அப்படியே நம்பிவிட முடியாது. 2001இல் வெளியான ஓர் ஆய்வில், போர்தோவில் ஒயின் தயாரிப்பு படித்த 54 மாணவர்களுக்குச் சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். மாணவர்கள் அதன் மணத்தைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வர்ணித்தார்கள். பினோ நுவாருக்கோ இயல்பாகவே நிறம் வெளிறல். கண் அதைச் சப்பென்று முன்கூட்டியே தீர்மானித்துவிடும். புட்டியைத் துணியால் மூடுவது போதாது, கறுப்புக் கோப்பையும் வேண்டும்.

வரிசையும் ஏமாற்றும். நாவல்பழம் தின்றபின் நாக்கு இழுத்துப் பிடிக்குமே, அதே வேலையைத்தான் ஒயினின் டானின்களும் செய்கின்றன: உமிழ்நீரின் புரதங்களோடு ஒட்டி வழவழப்பைப் போக்கிவிடும். வாயிலிருப்பதைத் துப்பிவிட்டாலும் துவர்ப்பு சேர்ந்துகொண்டே போகும். ஆறாவதாக வரும் கோப்பைக்குச் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை. அதனால் இடைவெளி விட்டு, வரிசையை மாற்றி இன்னொரு சுற்று சுவைத்த பிறகே மதிப்பெண் போட வேண்டும்.