மணத்தக்காளிக் காய் கசக்கிறது, பழம் இனிக்கிறது: ஏன்?

மணத்தக்காளிக் கீரைக்குக் கன்னடத்தில் 'கணிகெ சொப்பு' என்று பெயர். ஒரே செடியில் பச்சைக் காயும் கறுத்த பழமும் தொங்கும். காயைக் கடித்தால் கசப்பு, பழமோ இனிப்பு. ஏன்?

விதை முற்றும்வரை வீட்டுக்குப் பூட்டு வேண்டாமா? சொலானின் வகை நச்சுப்பொருள்தான் அந்தப் பூட்டு. விதை முற்றியதும் பழத்தில் நஞ்சு குறைகிறது, சர்க்கரை கூடுகிறது. பறவை தின்று, விதையைத் தொலைவில் எச்சமிடும். செடிக்கு வேண்டியதும் அதுதான்!

கொதிக்கவைத்தாலும் சொலானின் எளிதில் அழியாது. எனவே பச்சைக் காயைக் குழந்தைகள் பறித்துத் தின்ன விடாதீர்கள். அதே காய் உப்பு மோரில் ஊறிக் காய்ந்த வத்தலைக்கூடக் குழம்பில் ஒரு கைப்பிடிதானே போடுகிறோம்?

அடையாளம் காண்பது எப்படி? பூவைப் பாருங்கள்: ஐந்து வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் கூம்பு. மிளகைவிடச் சற்றே பெரிய பழங்கள் ஒரே காம்பின் நுனியிலிருந்து குடைக்கம்பி போலப் பிரிந்து தொங்கும். முள் குத்தினால் அது கண்டங்கத்திரியாகவோ தூதுவளையாகவோ இருக்கலாம்.

ஐரோப்பாவின் கொடிய நச்சுச்செடியான பெல்லடோனா இதிலிருந்து வேறு. அதன் பூ மங்கிய ஊதா மணி. பழம் கொத்தாக அல்ல, ஒற்றையாக, செர்ரி அளவில், நட்சத்திரமாய் விரிந்த புல்லிதழ்மேல் உட்கார்ந்திருக்கும்.

சந்தேகம் வந்தால் வாயில் வைக்காதீர்கள்.