உயிரியலில் முதுகலை: பாடவழியா, ஆய்வுவழியா?

உயிரியலில் இளங்கலை முடிச்சாச்சு, அடுத்து முதுகலை படிக்கலாம் என்ற எண்ணமா? பதியும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: பாடவழியா, ஆய்வுவழியா, இரண்டும் கலந்ததா?

மலேசியாவில் பாடவழி முதுகலைக்குக் குறைந்தது 40 கிரெடிட் தேவை. வகுப்பு, செய்முறை, தேர்வு என்று கால அட்டவணைப்படி போகும். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்குத் தோதான வழி. ஆய்வுவழியில் அப்படியில்லை, மேற்பார்வையாளர் கிடைக்கணும், ஆய்வேடு எழுதணும், ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை சொதப்பினால் மாதக்கணக்கில் இழுக்கும்.

சிக்கல் எங்கே? பின்னாளில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பித்தால் ஆய்வு அனுபவத்தைப் பார்ப்பார்கள். பாடம் மட்டுமே படித்தவர் ஆய்வு முறையியலைத் தனியாகப் படிக்க வேண்டி வரலாம். அதனால், பாடத்திட்டத்தில் ஆய்வுப் பணிக்கு எத்தனை கிரெடிட் என்று முதலில் கேளுங்க. கட்டணத்தை அப்புறம் பார்க்கலாம்.